ஆள்-மாதம் என்னும் அளவை

தமிழில் ‘அளவை’ என்னும் சொல் இருபொருள் தருவது. நெல்லை முகந்தளப்பதும் அளவை. காண்டல், கருதல், உரை என அறிவுக்கு வாயிலாவனவும் அளவை. அளத்தலும் அறிதலும் ஒரு சொல்லில் வந்து கூடியமை பொருள் நிறைந்தது. பிழையான அளவை கொண்டு ஒன்றை அளப்போர் அதனைப் பிழையாகவே அறிவர். மனித உழைப்பை அளப்பதற்குக் கைத்தொழிலுலகம் ஆக்கிக்கொண்ட அளவைகளுள் ஒன்று ‘ஆள்-மாதம்’. ஓர் ஆள் ஒரு மாதத்திற் செய்யும் வேலை என்பது அதன் பொருள். ஒருவர் பன்னிரண்டு மாதத்தில் முடிப்பதைப் பன்னிருவர் ஒரு மாதத்தில் முடிப்பர் என அது சொல்லாமற் சொல்கின்றது. இக்கணக்கிலுள்ள பிழை வெறும் எண்கணிதப் பிழையா, அன்றி அறப்பிழையுமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

இக்கணக்கைத் தாமே போட்டு இடர்ப்பட்டவர் பிறெட்றிக் புறூக்ஸ் (1931–2022). ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்பிரல் 7இல் அறிவித்த சிஸ்டம் 360 என்னும் கணனிக் குடும்பத்தின் ஆக்கத்திற்குப் பொறுப்பாயிருந்த இவர், பின்னர் அக்கணனிகளுக்கான ஓ.எஸ். 360 என்னும் பணிசெயல் முறைமைக்கும் முகாமையாளரானார். ஒரு கட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் அதில் ஈடுபட்டிருந்தனர். 1963 முதல் 1966 வரை ஏறத்தாழ 5000 ஆள்-ஆண்டு உழைப்பு அதனுட் சென்றிருக்கலாமென அவரே பின்னர் மதிப்பிட்டார். அவ்வளவு உழைப்பும் சென்ற பின்னரும் முறைமை காலந்தாழ்த்தியே வெளிவந்தது. நிறுவனத்தை விட்டு நீங்கிப் பல்கலைக்கழக ஆசிரியராகச் சென்ற புறூக்ஸிடம், கணனிப் பொறியை ஆக்குவதிலும் செய்நிரலை ஆக்குவித்தல் ஏன் இத்துணைக் கடினமாயிற்று என நிறுவனத் தலைவர் தோமஸ் வாட்சன் வினவினார். அவ்வினாவுக்குத் தாமதித்த விடையாகவே 1975இல் புறூக்ஸின் கட்டுரைத் தொகுதி வெளிவந்தது. ஆள்-மாதம் ஒரு கற்பிதம் என்பது அந்நூலின் பெயரிலேயே உள்ளது.

உழைப்பைப் பகுத்தாற் பயன் பெருகும் என்பது பழைய செய்தி. குண்டூசித் தொழிற்கூடமொன்றிற் பத்துப்பேர் வேலையைப் பகுத்துக்கொண்டு நாளொன்றுக்கு 48,000 குண்டூசிகள் வரை செய்தமையை அடம் சிமித் 1776இல் எடுத்துக்காட்டினார். அதே நூலின் பிற்பகுதியில், வாழ்நாள் முழுதும் இரண்டொரு செயல்களையே செய்பவனின் அறிவு மழுங்கும் என்றும் அவர் எழுதினார். முதற் கூற்றை மேற்கோள் காட்டுவோர் பலர். இரண்டாவதை நினைவுகூர்வோர் சிலரே.

செய்நிரலாக்கமோ குண்டூசி போன்றதன்று. ஆளும் மாதமும் ஒன்றுக்கொன்று ஈடாவது, வேலை செய்வோர் தம்முட் பேசவேண்டிய தேவையில்லாத இடத்தில் மட்டுமே என்பது புறூக்ஸின் முடிபு. கோதுமை அறுவடையும் பருத்தி எடுத்தலும் அவர் காட்டும் உதாரணங்கள். செய்நிரலில் ஒருவர் எழுதுவது மற்றொருவர் எழுதுவதிற் பொருந்தவேண்டும், பொருந்துவதற்குப் பேசவேண்டும். பத்துப்பேர் இருவர் இருவராகப் பேசுவதற்கு 45 தொடர்புகள் உள. இருபது பேருக்கு 190. ஆள் இருமடங்காகப் பேச்சு நான்கு மடங்கிலும் மிகுகின்றது. புதியவருக்குக் கற்பிப்பவரும் ஏற்கனவே வேலையிற் புதையுண்டிருப்பவரே. ஆகவே பிந்திய வேலைக்கு ஆள் சேர்த்தால் அது மேலும் பிந்தும். எத்தனை பெண்களை நியமித்தாலும் பிள்ளைப்பேற்றுக்கு ஒன்பது மாதம் வேண்டும் என்னும் அவரது உவமை உலகறிந்ததாயிற்று.

இதுவரை கூறியது எண்கணிதம். ஆயின் ஆள் சேர்க்கும் முகாமையாளர் கொடியவரல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது. பெரும்பாலும் அவர் இரக்கமுடையவர். தம் கீழுள்ளோர் களைத்திருப்பதைக் கண்டே துணைக்கு ஆள் கேட்கின்றார். குற்றம் அவர் உள்ளத்தில் இல்லை. கையிலுள்ள அளவையிலேயே இருக்கின்றது. ஒருவரின் இடத்தில் எவரையும் இருத்தலாம் எனக் கருதும் அளவை, மனிதனை வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்று கான்ற் 1785இல் வகுத்த விதியை, எவரும் தீங்கெண்ணாத நிலையிலேயே மீறிவிடுகின்றது. தீயோரின்றியே தீமை நிகழும் இத்தகைய இடங்கள் ஒழுக்கவியலின் கவனத்தை மேலும் பெறவேண்டும்.

காலத்தைப் பற்றிய பொய் இவ்வளவையின் உடன்பிறப்பு. இரண்டு நிமிடத்தில் ஒம்லெற் தருவதாகச் சமையற்காரர் ஒருவர் வாக்களிக்கின்றார். அது இறுகவில்லையெனின் உண்பவர் காத்திருக்கலாம். அன்றிப் பச்சையாக உண்ணலாம். சமையற்காரருக்கு மூன்றாவது வழியொன்றுண்டு: நெருப்பைக் கூட்டுதல். அப்போது ஒருபுறம் கருகும், மறுபுறம் வேகாது. புறூக்ஸின் இவ்வுவமையில் நெருப்பு யாதென அவர் விரித்துரைக்கவில்லை. செய்நிரலாளரின் இரவுகளும் விடுமுறைகளும் உடல்நலமுமே அந்நெருப்பு எனலாம். வாடிக்கையாளர் விரும்பும் திகதியை மதிப்பீடு என்று பெயரிட்டு ஒப்புக்கொள்ளும் முகாமையாளர், தமக்குச் சொந்தமல்லாத காலத்தைப் பிறருக்கு விற்கின்றார். மேலுள்ளோரிடம் உண்மைத் திகதியைக் கூறும் துணிவு அவருக்கு வேண்டுமெனப் புறூக்ஸ் வற்புறுத்தினார். துணிவு மட்டும் போதுமா? பதவியும் குடும்பமும் உடையவரிடம் துணிவை எதிர்பார்க்கும் நிறுவனம், அத்துணிவின் விலையையும் அவர்மீதே சுமத்துகின்றது. புறூக்ஸின் விடையில் இவ்விடம் மெலிந்தே காணப்படுகின்றது.

ஒருமைப்பாடு பற்றிய அவர் கருத்து இன்னுஞ் சிக்கலானது. பெரும் ஆக்கமொன்று ஒரே உள்ளத்திற் பிறந்ததுபோல் தோன்றவேண்டும். றீம்ஸ் பேராலயத்தைப் பல தலைமுறையினர் கட்டியும் அதன் ஒருமை குலையாமைக்குப் பின்வந்தோர் தம் எண்ணங்களைத் துறந்தமையே காரணம் என்றார். அங்ஙனமாயின் சிலர் சிந்திக்கப் பலர் செய்வது உயர்குடி ஆட்சியாகாதா? இவ்வினாவை எழுப்பியவரும் அவரே. நிறைவேற்றுவோரின் வேலையும் படைப்பே என்பது அவர் விடை. அது உண்மையாயினும் முழுமையன்று. பேராலயத்தின் கல்தச்சன் தான் கட்டுவது இன்னதென அறிந்திருந்தான், யாருக்கென்றும் அறிந்திருந்தான்.

ஒவ்வொரு செய்நிரலாளரும் முறைமை முழுவதையும் பார்வையிடத்தக்கதாயிருத்தல் நன்று என 1975இற் புறூக்ஸ் கருதினார். பகுதி ஒவ்வொன்றின் உட்கூறுகளும் பிறரிடமிருந்து மறைக்கப்படல் வேண்டும் என்ற டேவிட் பார்னாஸின் கொள்கையை அவர் அப்போது ஏற்கவில்லை. இருபது ஆண்டுகளின் பின், 1995ஆம் ஆண்டுப் பதிப்பில், பார்னாஸ் சொன்னதே சரி, தாம் சொன்னது பிழை என வெளிப்படையாக எழுதினார். அறிஞரிடத்தும் அரிதாகக் காணப்படும் பண்பு இது. அதே பதிப்பில், அதிகாரத்தைக் கீழுள்ளோரிடம் விடுவதால் மையம் வலுப்பெறும் என்பதை ஷூமாக்கரின் 1973ஆம் ஆண்டு நூலிலிருந்து எடுத்தாண்டார். பௌத்தப் பொருளியல் பற்றிய கட்டுரை அடங்கியது அந்நூல். வேலை பொருளை ஆக்குவதோடு மனிதனின் ஆற்றலை வளர்ப்பதும், பிறரோடு கூட்டி அவன் தன்முனைப்பைக் குறைப்பதும் ஆகும் என அக்கட்டுரை கூறுவது ஆள்-மாதக் கணக்கில் அடங்காதது.

ஆயினும் மறைத்தலில் இருவகை உண்டு. அயலவர் எழுதிய பகுதியின் உட்கூற்றை அறியாதிருப்பது வேலைக்கு வசதி. முழு ஆக்கமும் எதற்கென அறியாதிருப்பதோ வேறு. அது மார்க்ஸ் 1844இல் அந்நியமாதல் எனச் சுட்டிய நிலையை அண்டியது. இவ்வேறுபாட்டை நூலிலன்றி நடத்தையிற் காட்டியவரும் பார்னாஸே. 1983இல் றேகன் அறிவித்த ஏவுகணைத் தடுப்புத் திட்டத்திற்கான கணனி ஆலோசனைக் குழுவில் நாளொன்றுக்கு 1000 டொலர் ஊதியத்தில் அவர் இடம்பெற்றார். பாதுகாப்புத்துறை வேலையை வெறுத்தவரல்லர். கடற்படைக்கு முன்னர் பணிபுரிந்தவர். அத்திட்டம் வேண்டும் செய்நிரலை நம்பத்தக்கதாக ஆக்குதல் இயலாதென்று கண்டு, 1985 யூனில் விலகிக் காரணங்களைப் பகிரங்கமாக எழுதினார். உட்கூறுகளை மறைக்கச் சொன்னவர் நோக்கத்தை மறைக்க உடன்படவில்லை. குழுவின் ஏனையோர் வேலையைத் தொடர்ந்தனர். அவ்வாண்டு டிசெம்பரில், தக்க அமைப்புமுறை கொண்டால் அது இயலும் என அவர்களது அறிக்கை வெளிவந்தது.