பொது முகவரியும் தனிமனிதப் பொறுப்பும்

ஒருவரை இன்னார் என்று பிறர் அறிந்துகொள்வதற்குப் பெயரும் ஊரும் போதுமானவையாக இருந்த காலம் நெடிது. மன்னார்த் தீவில் ஒருவரைப் பேசாலையைச் சேர்ந்தவர் என்றோ எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர் என்றோ சுட்டும்போது, அச்சுட்டு அவரது இருப்பிடத்தை மட்டும் உணர்த்துவதில்லை. அவரது சமயம், தொழில், உறவு ஆகியனவும் அவ்வூர்ப்பெயரினுள் அடங்கிவிடுவதாகக் கேட்போர் கருதிக்கொள்கின்றனர். முகவரி என்பது மனிதரைச் சென்றடைவதற்கான வழியே. எனினும் வழியையே மனிதராகக் கொள்ளும் பழக்கம் மிகப் பழையது. அப்பழக்கம் இன்று ஒரு புதிய கருவியினுள்ளும் புகுந்துள்ளது. வீட்டுக் கம்பியில்லா இணையத்தில் ஒரே எண்முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் எழும் இடர்கள் பெரும்பாலும் தொழில்நுட்பக் குறைபாடுகளாகவே பேசப்படுகின்றன. ஆனால் அவற்றின் அடியில் ஓர் அறவியல் வினா கிடக்கின்றது: ஒருவர் செய்த தவற்றுக்கு, அவரோடு ஓர் அடையாளத்தைப் பகிர்ந்துகொண்ட மற்றவர் எந்த அளவுக்குப் பொறுப்பாளி ஆவார்?

இவ்வினாவை ஆராய்வதற்கு முன், முகவரி பொதுவான வரலாற்றைச் சுருக்கமாக அறிதல் நலம். இணையத்தில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி எனப்படும் ஓர் எண் தேவை. 1981 ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டு இன்றும் பரவலாக வழங்கும் நான்காம் பதிப்பு முறையில் அத்தகைய எண்கள் ஏறத்தாழ 429 கோடியே உள்ளன. 2011 பெப்ரவரி 3 ஆம் திகதி உலகப் பொதுக் கையிருப்பின் இறுதித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டு முடிந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பிராந்தியப் பதிவகம் எஞ்சியவற்றைப் பங்கீட்டு முறையிற் சிறுசிறு அளவாக வழங்கத் தொடங்கிற்று. முந்தி வந்த நாடுகளும் நிறுவனங்களும் பெருந்தொகை எண்களைத் தமக்கெனக் கொண்டிருக்க, பிந்தி வந்தவர்களுக்குப் பற்றாக்குறையே பங்காகக் கிடைத்தது. ஆகவே முகவரிப் பகிர்வு என்பது பலருக்கு விருப்பத்தின்பாற் பட்டதன்று, நிலைமையின்பாற் பட்டது. இவ்வுண்மை பின்வரும் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது.

பகிர்வு இரு படிகளில் நிகழ்கின்றது. ஒரு வீட்டிலுள்ள ரவுட்டர் அவ்வீட்டின் கைத்தொலைபேசிகள், கணினிகள் யாவற்றையும் ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றது. இது முதற்படி. தொலைபேசிக் கோபுரங்களின் வழி வீடுகளுக்கு இணையம் வழங்கும் நிறுவனங்கள் பல, அத்தகைய வீடுகள் பலவற்றை மீண்டும் ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. இது இரண்டாம் படி. இதன் பயன்பாட்டுக்கெனவே 2012 இல் ஒரு தனி எண்தொகுதி உலகளவில் ஒதுக்கப்பட்டது. எவருடைய செய்தி எது எனப் பிரித்தறிவதற்காக முகவரியோடு ஒரு வாயிலெண்ணும் சேர்க்கப்படும். ஒரு முகவரிக்கு அத்தகைய வாயிலெண்கள் 65,536 உள. முகவரி, வாயிலெண், துல்லியமான நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி இரண்டாம் படியில் ஒரு வீட்டைச் சுட்ட இயலாது. ஆயினும் வெளியிலுள்ள சேவையகங்கள் பல முகவரியை மட்டுமே பதிந்து வைக்கின்றன.

கம்பிவடம் எட்டாத கடலோரக் குடியிருப்பு ஒன்றை, பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில் உள்ளதாக எண்ணிப் பார்க்கலாம். கோபுரத்தை நோக்கிய சாளரத்தோரம் ரவுட்டர் வைக்கப்பட்டிருக்கின்றது. தந்தை கடற்றொழில் செய்பவர். மூத்த மகள் பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்க இருப்பவள். அயல்வீட்டுச் சிறுவனுக்கும் பாடம் படிப்பதற்கெனக் கடவுச்சொல் கொடுக்கப்பட்டிருக்கின்றது. விண்ணப்பத்தின் இறுதி நாளன்று, சந்தேகத்துக்குரிய முகவரி எனக் கூறி அத்தளம் அவளுக்குக் கதவடைக்கின்றது. தவறு செய்தவர் அயல்வீட்டுச் சிறுவனாயிருக்கலாம். அவ்வீட்டாரே அறியாதபடி நச்சுநிரல் புகுந்த ஒரு தொலைபேசியாயிருக்கலாம். அதே பொதுமுகவரியிற் சேர்க்கப்பட்ட, எந்த ஊரினர் என்றே தெரியாத ஒருவராயிருக்கலாம். அவள் அறிவதெல்லாம் தனக்குத் தண்டனை கிடைத்தது என்பது மட்டுமே. குற்றம் எது, சாட்சி யார், முறையிடும் இடம் எங்கே என்பவற்றுள் எதுவும் அவளுக்குச் சொல்லப்படவில்லை.

இது மிகைக் கற்பனையன்று. 2007 ஆம் ஆண்டு பிறந்த வேளையில், தொடர்ந்து வந்த விஷமத் திருத்தங்களின் காரணமாக விக்கிப்பீடியாவின் நிர்வாகி ஒருவர் ஒரு முகவரியைத் தடைசெய்தார். கட்டார் நாட்டின் இணையப் போக்குவரத்து ஏறக்குறைய முழுவதும் அவ்வொரு முகவரியின் வழியே வந்துகொண்டிருந்தமை பின்னரே தெரியவந்தது. சில மணி நேரத்தில் அத்தடை நீக்கப்பட்டது. தடைசெய்தவர் தீயவருமல்லர், ஒரு நாட்டைத் தண்டிக்க எண்ணியவருமல்லர். ஓர் எண்ணை ஓர் ஆளாக எண்ணியமையே அவர் செய்த பிழை.

இப்பிழையின் இயல்பைத் தமிழ் மரபு நன்கறியும். சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலையுண்டதற்குக் காரணம் ஒரு சிலம்பு. அரசியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தே ஒத்திருந்தன. உட்பரலோ ஒன்றில் முத்து, மற்றதில் மாணிக்கம். உடைத்துப் பார்த்திருந்தால் அறிந்திருக்கக்கூடிய வேறுபாட்டைப் பாண்டியன் உடைத்துப் பார்க்கவில்லை. சிலம்பு உடைந்தபோது கோவலன் உயிரோடில்லை. புறக்குறியையே சான்றாகக் கொண்டது பாண்டியன் செய்த பிழை. அதே காப்பியத்தில் இரண்டாவது வினாவொன்றும் எழுகின்றது. அரசன் ஒருவன் செய்த தவற்றுக்கு நகரம் எரிந்தது. முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் விலக்கிவிடுமாறு கண்ணகி தீக்கடவுளைப் பணித்தாள் என்பது உண்மை. சினத்தின் உச்சியிலும் வேறுபாடு காணவேண்டும் என்ற உணர்வு அவளிடம் எஞ்சியிருந்தது. ஆயினும் எரிந்த தெருக்களில் வாழ்ந்த ஏனையோர் என்ன குற்றம் செய்தனர் என்ற வினாவுக்கு இன்றுவரை நிறைவான விடை இல்லை.

ஜேர்மானிய மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ், இரண்டாம் உலகப்போர் முடிந்த பின் 1946 இல் வெளியிட்ட நூலிற் குற்றத்தை நான்காகப் பகுத்தார்: சட்டக் குற்றம், அரசியற் குற்றம், ஒழுக்கக் குற்றம், மெய்யியற் குற்றம். ஓர் அரசின் செயல்களுக்கான அரசியற் பொறுப்பைக் குடிமக்கள் அனைவரும் சுமக்க நேரலாம். ஆனால் சட்டக் குற்றமும் ஒழுக்கக் குற்றமும் தனிமனிதருக்கே உரியன, ஒரு மக்கட்தொகுதியை முழுமையாகக் குற்றவாளி எனல் பொருந்தாது என்பது அவர் கொள்கை. இலங்கையின் 2007 ஆம் ஆண்டு 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும், அதிகாரமின்றிக் கணினியுள் நுழைவதைக் குற்றமாக்குமிடத்து, ஓர் ஆள் அறிந்தும் கருதியும் செய்த செயலையே கூறுகின்றது. முகவரிக்கு அறிவுமில்லை, கருத்துமில்லை. ஆதலின் முகவரி விசாரணையின் தொடக்கமாகலாம், தீர்ப்பாகாது.

மன்னாரில் இவ்வேறுபாட்டை உணர்வதற்கு மெய்யியல் நூல்கள் வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டவர்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் மக்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். சிலர்மீது கொண்ட ஐயம் ஒரு சமூகத்தின் மீதான தீர்ப்பாயிற்று. பின்னர் 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பின் விடுதிகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பாதுகாப்பின் பெயரால் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. முன்னதில் தமிழர் தரப்பினர் செய்தனர், பின்னதில் தமிழர் அனுபவித்தனர். இத்துயரங்களை ஓர் இணையத்தடையோடு ஒப்பிடுதல் தகாது. ஒப்புமை அளவில் இல்லை. சிந்தனை முறையிலேயே உள்ளது. குறியைக் கண்டு ஆளை முடிவுசெய்தல், ஆளைத் தேடும் உழைப்பைத் தவிர்த்தல் என்ற இரண்டும் இரு நிகழ்ச்சிகளிலும் உண்டு. சிறு செயல்களிற் பழகிய மனமே பெருஞ்செயல்களிலும் தயங்காது நிற்கும்.

இதற்கு மறுப்பு ஒன்று கூறப்படலாம். தடை என்பது தண்டனையன்று, தற்காப்பே; கூட்டத்தில் ஒளிந்து கல்லெறிபவனைத் தடுக்கக் கதவை அடைப்பதில் தவறென்ன என்பது அது. இம்மறுப்பு வலுவற்றதன்று. எனினும் தற்காப்புக்கு அளவுண்டு. கல் விழும் வேளையிற் கதவை அடைத்தல் தற்காப்பு. கல் நின்ற பின்னும் திறவாதிருத்தலும், தட்டுவோர் குரலைக் கேளாதிருத்தலும் தண்டனையே. சேவையகங்கள் முகவரியோடு வாயிலெண்ணையும் துல்லியமான நேரத்தையும் பதியவேண்டும் என இணையப் பொறியியற் பணிக்குழு 2011 இலேயே பரிந்துரைத்தது. உண்மைக் குற்றவாளி தப்புவதும், தொடர்பற்ற பலர் விசாரணைக்கு உட்படுவதும் இப்பகிர்வு முறையின் விளைவுகள் என ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோப்போல் 2017 இல் எச்சரித்தது. வேறுபாடு காணும் வழி இருக்க அதனைக் கைக்கொள்ளாமை, காணவியலாமையின் விளைவன்று.

இனி, பகிர்ந்துகொள்வோருக்கு யாதொரு கடமையும் இல்லையோ எனில், உண்டு. மணற்பாங்கான தீவில் நன்னீர்க் கிணறு எவ்வளவு அரியது என்பதை அங்கு வாழ்வோர் அறிவர். ஒரு கிணற்றில் நீர் அள்ளுவோர் அனைவரும் அதனைத் தூய்மையாக வைத்திருக்கக் கடமைப்பட்டவர்கள். ஆனால் ஒருவர் இரவில் அதனை மாசுபடுத்தினால் மற்றவர் மாசுபடுத்தியவராகிவிட மாட்டார். கவனமின்மை வேறு, குற்றம் வேறு. 2010 மே மாதத்தில் ஜேர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் இதனையே நுட்பமாகப் பிரித்துக் காட்டியது. ஒருவர் விடுமுறையில் வெளியே சென்றிருந்த வேளையில், அவரது கம்பியில்லா இணைப்பின் வழி யாரோ ஒரு பாடலை உரிமையின்றிப் பரப்பினர். வீட்டுக்காரரை அச்செயலைச் செய்தவராகக் கொண்டு நட்டஈடு கேட்கவியலாது. ஆனால் இணைப்பைத் தக்கவாறு பாதுகாக்காமைக்கு ஒரு வரையறுத்த பொறுப்பு அவருக்குண்டு எனத் தீர்ப்பாயிற்று. 2017 இல் வந்த சட்டத்திருத்தம் அப்பொறுப்பையும் பெரிதும் தளர்த்தியது.

கிணற்று உவமை முதற்படிக்கே பொருந்தும் என்பதும் ஈண்டு நோக்கற்பாலது. வீட்டாரும் அயலாரும் ஒருவரையொருவர் அறிவர். கடவுச்சொல்லை மாற்றலாம், சிறுவனைக் கண்டிக்கலாம். இரண்டாம் படியிற் சேர்க்கப்பட்டவர்களோ ஒருவரையொருவர் அறியார், தேர்ந்தெடுக்கவுமில்லை, கண்டிக்கவும் இயலாது. அறிவும் ஆற்றலும் இல்லாத இடத்தில் கடமை தோன்றாது. கடமை இல்லாத இடத்திற் குற்றமும் தோன்றாது. அங்கு பொறுப்பு, சேர்த்தவரிடமும் பதிவுகளை வைத்திருப்பவரிடமும் தீர்ப்பளிப்பவரிடமுமே செல்லும்.

ஒவ்வொரு கருவிக்கும் தனிமுகவரி அளிக்கவல்ல ஆறாம் பதிப்பு முறை பரவினால் இச்சிக்கல் நீங்கிவிடும் என்பர். ஒரு பாதி நீங்கும். மறுபாதியில், கூட்டத்தின் நிழல் குற்றவாளிக்கு மட்டுமன்றி எளியவருக்கும் அடைக்கலம் என்ற உண்மை நிற்கும். ஒவ்வொருவரையும் ஒவ்வொரு கணமும் சுட்டிக்காட்டவல்ல உலகில், அச்சமின்றி ஒரு முறைப்பாட்டைக்கூட எழுத இயலாதவர் பலராவர். எனவே எண்களைப் பெருக்குதல் மட்டும் அறத்தைப் பெருக்கிவிடாது. வேண்டப்படுவது, குறியைக் கண்ட இடத்தில் நின்றுவிடாது ஆளைத் தேடிச் செல்லும் பொறுமை. தேடிக் காணவியலாதபோது, காணவில்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை. கதவடைக்கப்பட்ட அந்த மாணவி இணைய உலகிடம் கேட்பதும் அதுவே: அவள் இன்னாள் என்பதை அறியும் முன்னர் அவள்மீது தீர்ப்புக் கூறாதிருக்க வேண்டும்.