கீழ்வீட்டுக்காரரும் லிஃப்டும்

தரைத்தளத்தில் குடியிருப்பவர் லிஃப்ட் பராமரிப்புக்குப் பணம் கொடுக்க வேண்டுமா? சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களில் இந்தக் கேள்வியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது முட்டிக்கொள்ளாதவை குறைவு. "நான் ஒரு நாளும் அதுல ஏறுனதில்லையே சார்" என்பார் கீழ்வீட்டுக்காரர். நியாயம்தான். நான்காவது மாடிக்காரர் விடுவாரா? "அப்போ சேம்பர் அடைச்சுக்கிட்டா எங்ககிட்ட எதுக்குக் காசு கேக்கறீங்க? பொங்கி வர்றது உங்க வாசல்லதானே?" அதுவும் நியாயம்தான். மொட்டை மாடி ஒழுகினால் நனைவது மேல்வீட்டுச் சுவர். வெள்ளம் வந்தால் மிதப்பது கீழ்வீட்டுக் கட்டில். அவரவர் பயன்படுத்துவதற்கு அவரவர் பணம் என்று கணக்கைப் பிரித்துக்கொண்டே போனால், எல்லாம் பிரித்து முடித்த பிறகு அஸ்திவாரம் ஒன்று மிஞ்சும். அதை யாரும் 'பயன்படுத்துவதில்லை'.

வீடு வாங்கியவர்கள் விற்பனைப் பத்திரத்தில் யூ.டி.எஸ். என்று ஓர் அளவைப் பார்த்திருப்பார்கள். பிரிக்கப்படாத நிலப் பங்கு. நானூறோ ஐந்நூறோ சதுர அடி என்று எண் மட்டும் துல்லியமாக இருக்கும். ஆனால் மனையில் எந்த மூலையிலும் காலை ஊன்றி 'இது என்னுடையது' என்று காட்ட முடியாது. பதிவு அலுவலகம் அதற்கு முத்திரைத் தீர்வை வாங்குகிறது, வங்கி அதைப் பார்த்துக் கடன் தருகிறது. அரசாங்கமும் வங்கியும் புரிந்துகொண்ட விஷயம், உள்ளே குடியிருப்பவர்களுக்கு உறைக்கத்தான் நாளாகிறது: நம் சொத்தின் அடியில் இருப்பது எவரும் தனியாகப் பிடித்துக்கொள்ள முடியாத ஒரு நிலம்.

சங்கத்தைப் பதிவு செய்யும்போது எழுதும் நோக்கங்களைப் படித்தால் இந்தச் சிக்கல் எதுவும் தெரியாது. தூய்மை, பாதுகாப்பு, ஒற்றுமை, பசுமை. யார் இதை எதிர்க்கப் போகிறார்கள்? காசு கேட்காத கொள்கைக்கு எதிரியே கிடையாது. அது பையில் கை வைக்கச் சொல்லும் நாளில்தான், அது நம் எல்லோருடைய கொள்கையா, நோட்டீஸ் பலகையின் கொள்கையா என்று தெரியவரும்.

அப்படிப்பட்ட நாட்கள் 2019 கோடையில் வரிசையாக வந்தன. சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையில் இருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்தது. ஊருக்கு ரயில் வந்தது சரி, நம் சம்புக்கு வந்த ஒரு லாரித் தண்ணீரை எப்படிப் பங்கு வைப்பது? வீட்டுக்கு இவ்வளவு என்றால், மூன்று படுக்கையறை வீட்டில் இருக்கும் வயதான தம்பதிக்கு நிறையக் கிடைக்கும். மாமியார், பிள்ளைகள் என்று ஆறு பேர் இருக்கும் வாடகை வீட்டில் மதியமே குழாய் காற்றடிக்கும். சதுர அடிக்கு இவ்வளவு என்றால் பெரிய வீட்டுக்காரர் இரண்டு வேளை குளிக்கலாம். தலைக்கு இவ்வளவு என்றால் தலையை எண்ணுவது யார்? ஊரிலிருந்து பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் கணக்கில் உண்டா? கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் என்று சொல்லி ஏழு பேர் தங்கியிருக்கும் வீட்டை என்ன செய்வது?

மூன்று முறைக்கும் தர்க்கம் உண்டு. மூன்றில் எது சரி என்று எந்தத் துணைவிதியிலும் எழுதியிருக்காது. ஆறு பேர் வீட்டுக்காரர் எழுந்து "தலைக்குக் கொடுங்க" என்றால், அவருக்கு வேண்டியதைக் கேட்கிறார் என்று கூட்டம் முணுமுணுக்கும். இரண்டே பேர் இருக்கும் பெரிய வீட்டுக்காரர் அதையே சொன்னால் பேச்சு அடங்கிவிடும். வாதம் ஒன்றுதான், சொல்லும் ஒன்றுதான். சொன்னவருக்கு அதில் நட்டம் என்பது மட்டுமே வித்தியாசம். குடியிருப்புச் சங்கத்தில் தலைமை என்று ஒன்று இருக்குமானால் அது இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. செயலாளருக்குச் சம்பளம் இல்லை. அவரால் யாரையும் இடமாற்றம் செய்ய முடியாது, போலீசை ஏவ முடியாது. பாக்கி வைத்தவரின் தண்ணீரை நிறுத்துவோம் என்று மிரட்டும் சங்கங்கள் உண்டு. அது தலைமையல்ல, அடாவடி. தனக்கு எதிராகத் தானே பேசத் தெரிந்தவர் சொல்லுக்குத்தான் ஒரு தெரு கட்டுப்படுகிறது. அவர் பதவியில் இல்லாவிட்டாலும்.

நம் சங்கங்கள் ஆளைத் தேர்ந்தெடுக்கும் விதம் வேறு. ஆண்டுப் பொதுக்குழு பத்து மணிக்கு என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். பத்தரைக்குக் கோரம் இல்லை என்று அரை மணி ஒத்திவைத்து, வந்த பதினைந்து பேரே கோரம் என்று கூட்டத்தைத் தொடங்குவார்கள். கணக்கு வாசித்து, டீயும் போண்டாவும் வந்த பிறகு அடுத்த நிர்வாகக் குழு என்றதும் எல்லோரும் கைபேசியைப் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் சொல்வார்: "நீங்களே இருங்க சார்." மரியாதையாகத்தான் காதில் விழும். வேலையிலிருந்து தப்பிக்க நம் நகரத்து நடுத்தர வர்க்கம் கண்டுபிடித்த மிக நாகரிகமான வழி அது.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. அதே ஆள் மறுபடி வர அது தடையில்லை. அந்தக் கதவு வழியாகவே ஓய்வு பெற்ற வங்கி மேலாளர்கள் வருஷக்கணக்கில் உள்ளேயே இருந்துவிடுகிறார்கள். நல்லவர்கள்தான். ஆனால் போகப் போக எந்த வால்வு எங்கே இருக்கிறது என்பது அந்த மேலாளர் ஒருவருக்குத்தான் தெரியும், ரசீதுக் கட்டு அவர் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். அவர் அமெரிக்காவில் மகன் வீட்டுக்கு ஆறு மாதம் போனால் கட்டடமே திக்கற்றுப் போகும். தன்னைத் தவிர யாராலும் முடியாது என்ற நிலையை உண்டாக்கியவரைத் தியாகி என்று சால்வை போர்த்துகிறோம். அவருக்குக் கீழே யாரும் ஏன் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று யாரும் கேட்பதில்லை.

இந்த நிலை வராமல் தடுக்க வழி கண்ட ஊர் ஒன்று உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பலரும் குடவோலைக்காகவே கொண்டாடுகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. முப்பது குடும்புகள் என்ற வார்டுகள், ஓலைகள், குடம், சீட்டெடுக்கும் சிறுவன். என்னைக் கவர்ந்தது அதில் உள்ள தடைகள். மூன்று ஆண்டுக்குள் வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்தவர் பெயரை எழுதக் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் கூடாது; அவருடைய அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, மாமனார், மருமகன் என்று ஒரு பட்டியலே போட்டு அவர்களையும் விலக்கியிருக்கிறார்கள். மனிதர்களை எவ்வளவு அறிந்தவர்கள்! ஏரி வாரியத்தில் இருந்தவர் அடுத்த முறை விலகியே ஆக வேண்டும் என்றால், ஏரியின் மதகைப் பற்றித் தெரிந்தவர்கள் ஊரில் பெருகிக்கொண்டே போவார்கள்.

அந்தச் சபைக்கு ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். அது நிலமும் மனையும் உள்ள பிராமணர்களின் சபை. பெண்ணின் பெயரோ, வயலில் இறங்கி உழுதவர் பெயரோ அந்தக் குடத்தில் விழ வழியே இல்லை. தமக்குள் அத்தனை நேர்மையாக நடந்துகொண்டவர்கள், 'தாம்' என்பது யார் என்ற கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

நாம் கேட்டுவிட்டோமா? 'வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்' என்று பலகை தொங்கும் தெருக்கள் சென்னையில் இன்றும் இருக்கின்றன. அது சமையலறையைப் பற்றிய பலகை அல்ல என்பது எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். ஒரே மாதிரி சாப்பிட்டு, ஒரே மாதிரி கும்பிட்டு, ஒரே மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் கூடியிருப்பதைத்தான் நாம் பெரும்பாலும் ஒத்த பண்பு என்று எண்ணிக்கொள்கிறோம். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் கோட்டூர்புரத்திலும் தரைத்தளங்கள் மூழ்கியபோது, வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கக் கடலோரக் குப்பங்களின் மீனவர்கள் தங்கள் படகுகளோடு நகருக்குள் வந்தார்கள். நீர் வடிந்த பிறகு சேற்றையும் குப்பையையும் அள்ள வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் தூய்மைப் பணியாளர்கள் வந்தார்கள். வீடு கேட்டு வந்திருந்தால் இவர்களில் எத்தனை பேரை அந்தத் தெருக்கள் உள்ளே விட்டிருக்கும்?

சாயல் ஒத்துப்போவதால் பண்பு பொதுவாகிவிடுவதில்லை. 1989-இல் எம்.பி. நிர்மல் என்ற வங்கி அதிகாரி சென்னையில் எக்ஸ்னோரா என்ற அமைப்பைத் தொடங்கினார். தெருவுக்குத் தெரு வீட்டுக்காரர்கள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை வைத்துக் குப்பை எடுக்கச் செய்தார்கள். அந்தத் தெருக்காரர்களுக்குள் முன்பே ஒற்றுமை இருந்து அது நடக்கவில்லை. தெருமுனைத் தொட்டி எல்லோருக்கும் நாறியது, அதனால் சேர்ந்தார்கள். மாதாமாதம் வண்டிக்காரருக்குச் சம்பளம் போடப் போட, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரிந்தது. பொதுவான பண்பு அப்படித்தான் உண்டாகிறது: நான் ஏறாத லிஃப்டுக்கு நான் பணம் கட்டும்போது, என் வாசலில் பொங்காத சேம்பரைத் திறக்க நானும் வந்து நிற்கும்போது. முன்கூட்டியே அதை யாரும் கொண்டுவந்து வைத்திருப்பதில்லை. ஒரு கூட்டத்தில் முதலில் அப்படிக் கட்டுபவர் யாரோ, அவர் தலைவர். அவருக்குப் பின் கட்டுகிறவர்கள்தான் சங்கம்.

உங்கள் சங்கத்தின் துணைவிதியில் 'உறுப்பினர்' என்பதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு முறை படித்துப் பாருங்கள். பெரும்பாலும் வீட்டின் சொந்தக்காரர் என்றுதான் இருக்கும். வாக்குரிமையை மாற்றத் தீர்மானம், பதிவு என்று நாளாகும். ஆனால் மாதம் தவறாமல் மெயின்டெனன்ஸ் கட்டும் வாடகைக்காரரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் சொல்வதைக் கேட்க எந்தப் பதிவும் தேவையில்லை. அடுத்த பொதுக்குழுவுக்கு அவரை அழையுங்கள். வாட்ச்மேனுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு உண்டா, அவர் விடுப்பில் போகும் நாளுக்கு ஆள் வைக்கும் செலவை யார் யார் ஏற்பது என்பதையும் அன்றைய பொருள்நிரலில் சேர்த்துவிடுங்கள்.