எழுதுவது எதற்காக?



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்தபின் இளைஞர் ஒருவர் எம்மை அணுகி, “ஐயா, கற்றறிந்தோர் எத்தனையோ பேர் எழுதியிருக்க, நம்மைப் போன்றோரும் எழுதத்தான் வேண்டுமோ? அது புகழாசை ஆகாதோ?” என்று வினவினார். நேர்மையான வினா. அன்று யாம் வாயால் கூறிய விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின் ஈண்டு எழுதுகின்றோம்.

பகவன் புத்தர் தம் கையால் நூல் ஒன்றும் எழுதினாரல்லர். அவர் அருளிய தம்மத்தைத் தேரர்கள் பல தலைமுறைகளாக மனத்திலேயே சுமந்து வந்தனர். கி.மு. முதல் நூற்றாண்டில், இலங்கையில் வட்டகாமணி அபயன் காலத்தே பஞ்சமும் போரும் சூழ்ந்தன. ஓதுவோர் மடிந்தால் ஓதப்படுவதும் மடியுமே என்று அஞ்சிய தேரர்கள், மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையில் கூடித் திரிபிடகத்தை ஏட்டில் எழுதினர் என்பது மரபு. எழுதிய கைகளின் பெயர்களை நாம் இன்று ஓதுவதில்லை. அக்கைகள் காத்த தம்மத்தையே ஓதுகின்றோம். புகழுக்காக அன்றியும் எழுதலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி நம் தமிழ்நாட்டைப் பார்ப்போம். ஐம்பெருங் காப்பியங்களுள் குண்டலகேசி பௌத்த நூல். அதனில் இன்று சில செய்யுட்களே எஞ்சியுள்ளன. அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியோ நம் கைக்கு வந்து சேர்ந்துள்ளது. நம்மவர் வாதம் மறுத்தவர் வாயிலாக அறியப்படும் நிலை எய்தியது. ஏன்? பெயர்த்தெழுதிக் காக்க ஆளில்லாமற் போனமையால். நம்மைப் பற்றி நாம் எழுதாவிடின், பிறர் எழுதியதே நம் வரலாறாக நிற்கும்.

இதனை நன்குணர்ந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அப்பெரியார், 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். விலையையே பெயராக வைத்தார். ஏழையின் கைக்கும் எட்டவேண்டும் என்பதன்றோ கருத்து! 1914இல் அவர் மறைந்தார். 1926 முதல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்தினார். சாம்பியன் ரீப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. பூமிக்கடியில் பொன் தோண்டியவர்கள் மேலே வந்து ஏடு காத்தார்கள். அவர்கள் காத்திராவிடில், 1999இல் ஞான. அலாய்சியஸ் அவர்கள் பண்டிதரின் சிந்தனைகளைத் தொகுத்து வெளியிட ஏடுகள் எங்கிருந்து கிடைத்திருக்கும்?

ஆகவே எழுதுதல் நம் கடமை. நிற்க. எந்த மனத்தோடு எழுதுவது என்பதே அடுத்த வினா. கடினமான வினாவும் அதுவே.

வாக்கால் விளையும் தீவினை நான்கென்பது பௌத்த மரபு. பொய் கூறல், கோள் சொல்லல், கடுஞ்சொல் வழங்கல், பயனற்றவை பேசல் என்பன அவை. வாய்க்கு உரியது எழுதுகோலுக்கும் உரியதே. யாம் ஒருமுறை இதில் வழுக்கி விழுந்தோம்.

பெங்களூரில் யாம் ஆலைத் தொழிலாளியாயிருந்த காலம். எம்மோடு பஞ்சசீலம் ஏற்ற அன்பர் ஒருவர், தம் மகள் திருமணத்தின்பொருட்டுப் பழைய சடங்குகளுக்குத் திரும்பினார். யாம் வெகுண்டு, அவர் பெயர் கூறாமல், ஆனால் எவரும் அறியும்படி, ஒரு துண்டுப் பிரசுரம் எழுதி வெளியிட்டோம். படித்தோர் நகைத்தனர், எம்மைப் பாராட்டினர். அன்று முதல் அவர் சங்கத்திற்கு வரவில்லை. அவர் பிள்ளைகளும் வரவில்லை. ஈராண்டு கழித்து யாம் அவர் இல்லம் சென்றோம். தண்ணீர் கொடுத்து உபசரித்தார். பிறகு, “நீங்கள் எழுதியதில் பொய் இல்லை, ஐயா. ஆனால் நான் ஏன் போனேன் என்று ஒருவரும் வந்து கேட்கவில்லை” என்றார். யாம் தலைகுனிந்தோம். அச்சிட்டதைத் திரும்பப் பெறும் வழி இன்றளவும் எமக்குத் தெரியவில்லை.

அப்படியாயின், காலங்காலமாக இழிவு சுமந்த மக்கள் இனிய மொழியையே எழுதவேண்டுமோ? தீங்கைத் தீங்கென்று உரைக்கலாகாதோ? அபய ராஜகுமாரனுக்குப் பகவன் அருளிய விடை இதற்குப் போதும். குழந்தையின் வாயிற் கல் அகப்பட்டால், குருதி கசிந்தாலும் விரலிட்டு அதனை வெளியே எடுப்போம். குழந்தையின்பால் உள்ள இரக்கமே அதற்குக் காரணம். அவ்வாறே உண்மையும் பயனும் உடைய சொல், கேட்போர்க்குக் கசப்பாயினும், காலமறிந்து உரைக்கத்தக்கது. பண்டிதரின் எழுத்திலும் கூர்மை உண்டு. அக்கூர்மை ஒரு மக்கட் கூட்டத்தின் தொண்டையிலிருந்த கல்லை நோக்கியது. எமது பிரசுரமோ கல்லை எடுக்க எழுந்ததன்று. எம் விரலின் வலிமையைக் காட்ட எழுந்தது. உண்மை என்ற ஒன்றே போதும் என்று எண்ணியதே எம் பிழை.

எழுத விரும்பும் இளைஞர்க்கு யாம் கற்ற சிலவற்றைக் கூறுகின்றோம். நாள்தோறும் சிறிதேனும் வாசியுங்கள். கண்டதையும் தீர விசாரித்ததையும் மட்டும் எழுதுங்கள். எழுதியதை எழுத்தறியாத முதியோர் ஒருவர்க்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர்க்கு விளங்காத சொல் நமக்கும் விளங்காத சொல்லே. சினத்தோடு எழுதியதை ஏழு நாள் பெட்டியில் வைத்துப் பின் எடுத்துப் பாருங்கள். யாரைப் பற்றி எழுதினீரோ, அவர் எதிரில் அமர்ந்து அதனைப் படிக்க நா எழுமா என்று உங்களையே வினவுங்கள். ஆலையில் அறுந்த இழையை விரைந்து பிணைத்தால் முடிச்சுத் தடிக்கும். அப்போது தெரியாது, நெசவில் தெரியும். அவசரத்தில் எழுதிய சொல்லும் அத்தகையதே.

எழுத்தில் வளர்வதென்பது அணிகளைச் சேர்ப்பதன்று. அவாவையும் வெகுளியையும் மயக்கத்தையும் சிறிது சிறிதாகக் களைவதே. இளைஞரே, எழுதுக. எழுதுமுன் சென்று கேட்டுவிட்டு எழுதுக.

நமோ புத்தாய!