சொல்லிவிட்ட குறை

பழைய கார் வாங்கக் கிளம்புகிற எவரும் முதலில் மாடலைத்தான் ஒப்பிடுகிறார்கள். நானும் வேகன் ஆருக்கும் ஐ10க்கும் நடுவில் நின்றுதான் யோசித்தேன். இரண்டும் 2012 வண்டி, பெட்ரோல், விலையும் கிட்டத்தட்ட ஒன்று. வேகன் ஆரில் 998 சிசி, மூன்று சிலிண்டர், டைமிங் செயின். ஐ10இல் 1086 சிசி, நான்கு சிலிண்டர். சிக்னலில் நிற்கும்போது அதிர்வு குறைவு, ஆனால் இதில் இருப்பது டைமிங் பெல்ட். காலத்தில் மாற்றாமல் விட்டு அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினையே பிரிக்க வேண்டி வரலாம். கூரை உயரமானதால் வேகன் ஆரில் முழங்கால் வலி உள்ளவர்களும் சிரமமில்லாமல் ஏறி இறங்கலாம். அம்மா இரண்டிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதுல கொஞ்சம் குனியோணும், அவ்வளவுதான்" என்று ஐ10ஐச் சொன்னார்.

புது வண்டி என்றால் இந்த ஒப்பீடு போதும். இத்தனை வருடம் ஓடிய பிறகு ஒரே மாடலில் இரண்டு வண்டிகள்கூட ஒன்றாக இருப்பதில்லை. எந்தத் தெருவில் நின்றது, யார் ஓட்டினார், ஆயில் மாற்ற வேண்டிய மாதத்தில் மாற்றினாரா என்பவைதான் அவற்றை வேறு வேறு வண்டியாக்குகின்றன. நாம் வாங்குவது அந்தப் பழக்கங்களை.

வேகன் ஆர் ஒரு கார் கன்சல்டிங்கில் நின்றது. "டாக்டர் வண்டிங்க, சிங்கிள் ஓனர்" என்றார்கள். பானெட்டுக்குள் தூசி இல்லை. கழுவிப் பாலிஷ் போட்டிருந்தார்கள். உடன் வந்த மெக்கானிக் அண்ணன் சாவியைத் தொடவில்லை. முதலில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்குள் யாரோ ஓடவிட்டிருக்கிறார்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் வரும் சத்தமும் புகையும் சூடான எஞ்சினில் அடங்கிவிடும். அடுத்து டிரைவர் பக்கம் குனிந்து பெடலைப் பார்த்தார். மீட்டரில் நாற்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். கிளட்ச் பெடல் ரப்பரில் ஒரு வரிகூட மிச்சமில்லாமல் வழவழவென்று தேய்ந்திருந்தது. சர்வீஸ் பில் கேட்டோம். இல்லை.

ஐ10 ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது, வீட்டு வாசலிலேயே நின்றது. அதன் இடது பின்கதவில் பெயிண்ட் நிறம் ஒரு சாயல் மாறியிருந்தது. நாங்கள் கேட்கும் முன்பே அவர் சொன்னார்: "கேட்டுல இடிச்சதுங்க, டிங்கரிங் பண்ணி பெயிண்ட் அடிச்சேன். ஏ.சி. குளிர நேரமாகும். பெல்ட் இன்னும் மாத்தலைங்க, யார் வாங்கினாலும் முதல்ல அதைப் பாத்துருங்க." நீளநோட்டு ஒன்றில் ஒவ்வொரு ஆயில் மாற்றமும் கிலோமீட்டரோடு எழுதியிருந்தது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். அந்த ஆண்டும் நோட்டில் டயர் மாற்றியதாக எழுதிய ஆண்டும் பொருந்தின.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "அவரே வாய்விட்டு சொல்லிட்டாருங்க. முப்பதாயிரம் கொறைச்சுக் கேளுங்க, குடுத்துருவாரு."

கேட்டால் கொடுத்திருப்பார். ஆனால் அந்தக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. பழைய கார் சந்தையை வைத்து ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அந்தக் கட்டுரையும் ஒரு காரணம். வண்டியின் நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சந்தேக விலைதான் சொல்வார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார். மெல்ல மெல்லச் சந்தையில் மோசமான வண்டிகளே மிஞ்சும். நம் ஊரில் அது கண்கூடு. நன்றாகப் பராமரித்த வண்டி கன்சல்டிங் வாசலை மிதிப்பதே அபூர்வம். மச்சானுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடுகிறது.

இதில் வாங்குகிற நமக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பாலிஷ் போட்டு மறைத்தவரிடம் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, குறையைச் சொன்னவரிடம் அந்தக் குறையை வைத்தே அடித்துப் பேசினால், அடுத்த முறை அவர் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் பெண் பார்க்கும்போதும் வீட்டில் பிள்ளைகள் மார்க்கைச் சொல்லும்போதும் இதையேதான் செய்கிறோம். உண்மை பேசியவருக்கு உடனே அபராதம் போடுகிறோம். பிறகு யாரையும் நம்ப முடியவில்லை என்று வருத்தப்படுகிறோம்.

பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றும் சேர்த்து மாற்ற என்ன ஆகும் என்று அண்ணனிடமே கணக்குக் கேட்டேன். அதை மட்டும் கழித்து விலை சொன்னேன். கதவுக்கும் ஏ.சி.க்கும் எதுவும் குறைக்கவில்லை; அவர் கேட்ட விலையிலேயே அவை கழிந்திருந்தன. ஆசிரியர் ஒரு நிபந்தனை வைத்தார்: படிவம் 29, 30 இரண்டிலும் அன்றே கையெழுத்து, ஆர்.சி. பெயர் மாற்றம் உடனே. அது நியாயம். விற்ற பிறகும் பதிவில் பெயர் மாறாவிட்டால் விபத்து இழப்பீட்டுக்குப் பழைய உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது.

முன்பணத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அவர் கொஞ்சம் யோசித்தார். "இன்னொண்ணுங்க. மழை பெஞ்சா டிக்கி ஓரத்துல தண்ணி கசியும். ரப்பர் மாத்துனா சரியாயிரும். சொல்ல விட்டுப்போச்சு."