உள்பக்கம் வெட்டிய பெயர்

அது ஒரு வெள்ளி மோதிரம். வெளியே மண்டையோடு, ஓக் இலைகள். உள்பக்கத்தில் பெறுபவரின் பெயர், ஒரு தேதி, கொடுத்தவரின் கையெழுத்து. பெயருக்கு முன்னால் ஒரு சுருக்கெழுத்து. அதை விரித்தால் ‘தன் அன்புக்குரிய’ என்று வரும். கொடுத்தவர் ஹைன்ரிஹ் ஹிம்லர், நாஜி ஜெர்மனியின் எஸ்.எஸ். படைத் தலைவர். வதைமுகாம்களை நடத்திய படை அது. மியூனிக் நகரத்து வெள்ளிப் பட்டறை ஒன்றில் செய்த இந்த மோதிரம் 14,000 பேருக்கு மேல் கிடைத்தது. விற்கக் கூடாது, பிறருக்குக் கொடுக்கக் கூடாது. அணிந்தவர் இறந்தால் அது ஹிம்லரிடமே திரும்ப வேண்டும். மனைவிக்குக்கூட உரிமையில்லை.

அந்த ‘அன்புக்குரிய’ என்ற சொல்லில்தான் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிறேன். அது வெறும் வேஷம் என்று சொல்லிவிட்டால் நமக்கு வசதி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1943 அக்டோபர் 4 அன்று போஸன் நகரில் தன் தளபதிகளிடம் பேசிய ஹிம்லர், யூதர்களைக் கொன்று குவிப்பதைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். பிணக்குவியல்களைப் பார்த்த பிறகும் நாம் கண்ணியமானவர்களாகவே இருந்தோம் என்று பெருமைப்பட்டார். கொல்லப்பட்டவர்களின் உடைமையில் ஒரு மார்க் எடுத்தாலும் மரண தண்டனை என்று அதே பேச்சில் எச்சரித்தார். கொலை குற்றமில்லை, அதில் கையாடுவது குற்றம். அந்தக் கண்ணியத்துக்கு ஒரு வேலி இருந்தது. வேலிக்கு உள்ளே அன்பு, விசுவாசம், பரிசு எல்லாம் நிஜமாகவே இருந்தன.

‘வீட்டில் அவர் நல்ல மனுஷன்’ என்ற சான்றிதழைப் பெண்கள் நாம் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்! அந்த வேலிக்குள் நமக்கு இடம் கிடைத்தது எப்படி என்று கேட்பது குறைவு. எஸ்.எஸ். ஆண்கள் மணம் செய்யத் தலைமையின் அனுமதி வேண்டும் என்று 1931 டிசம்பர் 31 அன்றே உத்தரவு வந்துவிட்டது. மணப்பெண்ணின் உடலும் வம்சமும் சோதிக்கப்பட்டன. தேறினால் உள்ளே.

வேலிக்கு வெளியே இருந்த வெள்ளியின் கதை வேறு. 1939 பிப்ரவரியில் யூதர்கள் தங்கம், வெள்ளி, முத்து, ரத்தினங்களை அரசு அடகுக் கடைகளில் ஒப்படைக்க ஆணை பிறந்தது. கொடுத்த விலை அற்பம். வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டுப் பெண்கள் ஏற்றிய மெழுகுவர்த்தித் தண்டுகள், திராட்சை ரசக் கிண்ணங்கள், குடும்ப எழுத்துகள் பொறித்த கரண்டிகள் எல்லாம் போயின. பெரும்பகுதி உருக்கப்பட்டது. உருக்கினால் பெயரும் போய்விடும். மோதிரம் செய்த அதே மியூனிக்கில், அடகுக் கடையிலிருந்து அருங்காட்சியகம் ஒன்று வாங்கி வைத்த சில பொருட்கள் தப்பின. பவேரிய தேசிய அருங்காட்சியகம் இன்று உரியவர்களின் பேரப்பிள்ளைகளைத் தேடித் தேடி அவற்றைத் திருப்பிக் கொடுத்துவருகிறது.

இங்கே ஆண்களை மட்டும் குற்றம்சாட்டிவிட்டு எழுந்து போக எனக்கு மனமில்லை. நாடுகடத்தப்பட்டவர்களின் கட்டில், போர்வை, துணிமணியெல்லாம் ஹாம்பர்க்கில் பொது ஏலத்துக்கு வந்தபோது வாங்கியவர்களில் சாதாரண இல்லத்தரசிகளும் இருந்தார்கள். மலிவாகக் கிடைத்தது. போர்க்காலம், வீட்டில் குழந்தைகள். யாருடைய போர்வை என்று கேட்காமல் இருப்பதற்கு இவ்வளவு காரணம் போதுமாக இருந்தது. நானும் அந்த வரிசையில் நின்றிருப்பேனா? ‘மாட்டேன்’ என்று உடனே சொல்ல வரவில்லை.

1939 ஆணையில் ஒரு விலக்கு இருந்தது. திருமண மோதிரத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். முகாம்களில் அதையும் கழற்றினார்கள். 1945 மே மாதம் புக்கென்வால்ட் அருகே அமெரிக்கப் படையினர் ஆயிரக்கணக்கான மோதிரங்களைக் கண்டெடுத்தார்கள். ஒரு சிப்பாய் இரண்டு கைகளாலும் அவற்றை அள்ளிக் காட்டும் புகைப்படம் இருக்கிறது. அவற்றின் உள்பக்கத்தில் எந்தப் பெயர் வெட்டியிருந்தது என்பது அந்தப் படத்தில் தெரியாது.