மாத்திரையை நிறுத்தச் சொன்னது யார்?

எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருந்த அக்கா ஆறு மாதமாகச் சர்க்கரை மாத்திரை போடவில்லை. ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் மைக் பிடித்தவர், சர்க்கரை வியாதியோடு வந்திருக்கும் ஒரு சகோதரியைக் கர்த்தர் இப்போது தொடுகிறார் என்றாராம். அத்தனை பெரிய மைதானத்தில் சர்க்கரை வியாதி உள்ள சகோதரி ஒருத்தியாவது இல்லாமலா இருப்பாள்? அக்காவுக்கு அப்படி யோசிக்கத் தோன்றவில்லை. தன்னைத்தான் சொல்கிறார் என்று மேடையேறிச் சாட்சி சொன்னார். சாட்சி சொல்லிவிட்டு மாத்திரை போட்டால் அவிசுவாசம் ஆகிவிடுமே என்று, மாத்திரை அட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் தள்ளிவைத்தார். இடது கால் பெருவிரல் கறுத்த பிறகுதான் வீட்டில் இருப்பவர்களுக்கே விஷயம் தெரிந்தது.

விரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்னிடம் கேட்டார்: “எனக்கு விசுவாசம் பத்தலையோ தம்பி?”

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஆனாலும் அந்தக் கேள்விதான் என்னை வேதாகமத்தை எடுத்துக்கொண்டு உட்கார வைத்தது. இந்தக் கூட்டங்களை என் கணக்கில் அளந்தால், நாத்திகன் அப்படித்தான் பேசுவான் என்று தள்ளிவிடுவார்கள். அவர்கள் கையில் உயர்த்திப் பிடிக்கும் புத்தகத்தை வைத்தே அளந்து பார்த்தேன்.

மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன், வலிப்பு நோயால் துன்பப்படும் மகனைச் சீடர்களிடம் கொண்டு வருகிறான். அவர்களால் குணமாக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று அவர்கள் பிறகு தனியாக இயேசுவிடம் கேட்கிறார்கள். பையனுக்கு விசுவாசம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. குறை சீடர்களின் விசுவாசத்தில்தான் என்கிறார். யாக்கோபின் நிருபத்திலும் இதே முறைதான்: வியாதியஸ்தன் கட்டிலை விட்டு எழ வேண்டாம், சபையின் மூப்பர்கள் அவனிடம் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். விசுவாசத்தோடு ஜெபிக்க வேண்டிய பொறுப்பு வந்தவர்களுடையது. நாசரேத்தில் மக்களின் அவிசுவாசத்தால் பெரிய அற்புதங்கள் நடக்கவில்லையே என்று கேட்பார்கள். நடக்கவில்லைதான். அந்த ஊரிலும் சில நோயாளிகள் மேல் கை வைத்துக் குணமாக்கினார் என்று மாற்கு அதே இடத்தில் எழுதியிருக்கிறார். உனக்கு விசுவாசம் போதாது, போ என்று எந்த நோயாளியையும் இயேசு திருப்பி அனுப்பியதாக நான் படித்த வரையில் இல்லை.

அப்போஸ்தலர் பவுலைப் பாருங்கள். அவருடைய சீடர் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. அதற்குக் கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடு என்று கைவைத்தியம் எழுதி அனுப்புகிறார். துரோப்பீமு என்ற உடன் ஊழியரை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டுப் புறப்படுகிறார். தன் உடம்பில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டியும் அது எடுபடவில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அவருக்குப் பிரியமான தோழர் லூக்கா ஒரு வைத்தியர். விசுவாசம் இருந்தால் வியாதி இருக்காது என்பது சரியானால், இவர்கள் எல்லோரும் அவிசுவாசிகள் ஆகிவிட மாட்டார்களா?

அமெரிக்காவில் பீட்டர் பாப்பாஃப் என்று ஒரு பிரசங்கியார் இருந்தார். கூட்டத்தில் முன்பின் தெரியாதவரைப் பேர் சொல்லி அழைப்பார், வீட்டு முகவரி சொல்வார், நோயையும் சொல்வார். தேவன் காதில் சொல்வதாக ஜனங்கள் நம்பினார்கள். 1986இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திரவித்தைக் கலைஞரின் குழு ரேடியோ ஸ்கேனரோடு கூட்டத்துக்குப் போனது. 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு பெண் குரல் கேட்டது. பாப்பாஃபின் மனைவி எலிசபெத், கூட்டத்துக்கு முன்பு ஜனங்கள் எழுதிக் கொடுத்த ஜெப அட்டைகளைப் பார்த்து, கணவர் காதில் மாட்டியிருந்த சின்னக் கருவிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜானி கார்சனின் டி.வி. நிகழ்ச்சியில் ராண்டி அந்தப் பதிவை நாடறியப் போட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டே பாப்பாஃப் திவாலானார். சில வருடங்களில், அற்புதத் தண்ணீர் பாக்கெட்டுடன் மறுபடியும் டி.வி.க்கு வந்துவிட்டார்.

காதுக்கருவியை விடவும் எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. பிசாசின் கட்டிலிருந்து விடுபட மாத்திரைகளை மேடையில் எறியுங்கள் என்று பாப்பாஃப் சொல்ல, ஜனங்கள் இருதய நோய்க்கான மாத்திரைப் புட்டிகளையும் எறிந்தார்கள். அரிசிப் பானைக்குப் பின்னால் போன அட்டையும் அந்தப் புட்டிகளும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன.

காசு விஷயத்திலும் வேதாகமம் கறாரானது. தீர்க்கதரிசி எலிசா, நாகமான் என்பவரின் குஷ்டத்தைக் குணமாக்கிவிட்டுக் காணிக்கை வாங்க மறுக்கிறார். வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடிப் பொய் சொல்லி வெள்ளியும் உடுப்பும் வாங்கி வருகிறான். நாகமானின் குஷ்டம் அவன் மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது. உபாகமம் 14இல் மூன்றாம் வருடத் தசமபாகம் லேவியனோடு பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் போகிறது. 2015இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் போதகர் கிரெஃப்லோ டாலர், 6.5 கோடி டாலர் விலையுள்ள ஜெட் விமானத்துக்காக விசுவாசிகளிடம் காணிக்கை கேட்டார். விதவை வாங்க வேண்டிய இடத்தில் விதவையிடமே வாங்குகிறார்கள்.

சாமியார்களை விட்டுவிட்டு எங்களை ஏன் கேட்கிறாய் என்றால், எல்லோரையும்தான் கேட்கிறோம். பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூரின் தகப்பனார் கேரளத்து மார்த்தோமா சபையின் விகார் ஜெனரல். மகன் 1963இல் இலங்கையில் இருந்துகொண்டு, மோசடிக்கு இடமில்லாத சூழலில் ஒரே ஓர் அற்புதம் செய்து காட்டுங்கள், ஒரு லட்சம் ரூபாய் தருகிறேன் என்று எல்லா மதத்தாரையும் அழைத்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் ஜெயிக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அக்காவுக்குத் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறு பற்றிய வசனத்தை வாசித்துக் காட்டினேன். அவருடைய வேதாகமம்தான், எழுத்து மங்கியிருந்தது. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, “அப்ப மாத்திரை போடுறது பாவமில்லையா?” என்றார்.

“பவுலே மருந்து எழுதிக் கொடுத்திருக்காரேக்கா.”

“அந்தப் பக்கத்துல ஒரு சீட்டு வைங்க தம்பி. பாஸ்டர் ஐயா வந்தா காட்டணும்.”

மருந்துச் சீட்டை மடித்து அந்தப் பக்கத்தில் வைத்தேன். அக்காவை டிஸ்சார்ஜ் செய்ய மேலும் ஒன்பது நாள் ஆயிற்று. பாஸ்டர் வரவில்லை.