வினையூக்கிக்கு வினை ஒட்டுமா?

தாத்தா வெள்ளிதோறும் கோயில் மண்டபத்தில் சைவ சித்தாந்த நூலான சிவஞான போதம் நடத்துவார். 12 நூற்பாதான், அவருக்கு எட்டு வருஷம் போதவில்லை. சூரியன் முன்னே ஒரு தாமரை மலரும், இன்னொன்று வாடும். சூரியனுக்கு ஒன்றுமில்லை, இறைவன் தொழிலும் அப்படித்தான் என்பார். என் ஆராய்ச்சியை விளக்கப்போய் 'ஒளிவினையூக்கி' என்று சொல்லிவிட்டேன்.

"வினையை ஊக்கும் தாத்தா, தான் தீர்ந்துபோகாது."

"அப்ப அதுக்கு வினை ஒட்டாது. சந்நிதி விசேஷம்மா!" முகமெல்லாம் சிரிப்பு.

தலையாட்டிவிட்டேன். பாடப்புத்தகமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது.

என் வினையூக்கி காட்மியம் சல்ஃபைடு பொடி, நல்ல மஞ்சள். வழக்கமான டைட்டானியம் டை ஆக்சைடில் ஓர் எலக்ட்ரானை எழுப்ப 3.2 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அது புற ஊதாவின் வேலை, வெயிலில் புற ஊதா சொற்பம். என் பொடிக்கு 2.4 போதும், நீல வெளிச்சமே எழுப்பிவிடும். எழுந்த எலக்ட்ரான் தன் இடத்தில் ஒரு துளையை விட்டுப்போகும். பெரும்பாலும் உடனே திரும்பி வந்து விழுந்துவிடும். வாங்கிய ஒளி வெறும் சூடாகப் போகும். அதற்குத்தான் கிராஃபீன். ஓரணு தடிமனுள்ள அந்தக் கரிப்படலம் எலக்ட்ரானை வாங்கித் தள்ளிக் கொண்டுபோகும். அந்த இடைவெளியில் எலக்ட்ரான் ஆக்சிஜனைப் பிடிக்கும். துளை, நீரில் கலந்திருக்கும் சாய மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். சாயம் சிதையும். (சாயத்தின் நீலம் வெளுத்ததுமே நீர் சுத்தமாகிவிட்டதென்று எழுதுகிறவர்கள்மேல் எனக்குத் தனிக் கோபம். நிறம் போவது வேறு, அழுக்கு போவது வேறு.)

ஆக, கணத்துக்குக் கணம் பொடி இழக்கிறது, பிடுங்குகிறது, ஈடுகட்டிக்கொள்கிறது. வரவும் செலவும் சரியாக இருக்கிறதென்பதால் கடையில் வியாபாரமே நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

அந்தக் கணக்கும் முழுக்கச் சரியாவதில்லை. வெளியில் எலக்ட்ரான் கிடைக்காத துளை, சொந்த சல்ஃபைடையே தின்னும். காட்மியம் நீரில் இறங்கும். கிராஃபீன் இதைக் குறைக்கும், அவ்வளவுதான். அதே பொடியை ஐந்தாம் முறை ஓட்டி வடிகட்டிய நீரில் காட்மியத்தைப் பார்த்த அன்று தாத்தாவிடம் போனேன்.

"அப்ப உன் பொடி இறைவனில்ல, உயிர். வினை செய்யும், வினை ஒட்டும்" என்றார், சற்றும் அசராமல்.

"உங்க சூரியனும் தேயுது தாத்தா. வினாடிக்கு 40 லட்சம் டன் ஒளியாப் போகுது."

விசிறியைக் கீழே வைத்தார். வெகுநேரம் கழித்து, "அந்தக் காட்மியத் தண்ணிய எங்கே கொட்டுவீங்க?" என்றார்.

"கொட்டமாட்டோம். கேன்ல ஊத்தி, பேர் எழுதி, மூடி வச்சிருக்கோம்."

"எத்தனை நாளைக்கு?"